எனக்கும் பாசிட்டிவ்தான்

எங்கள் ஊரில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை யாரும் படிப்பதில்லை. தடித்த எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். நோயாளி அப்படித்தான் பார்ப்பார், அவரைக் கூட்டி வந்த மைத்துனர் அப்படித்தான் பார்ப்பார், பரிசோதனையை எழுதிக் கொடுத்த டாக்டரும் பல நேரம் அப்படித்தான் பார்ப்பார். தடித்த எழுத்து இல்லையென்றால் முகம் மலர்ந்துவிடும். இருந்தால், டாக்டரிடம் போவதற்கு முன்னால் ராஜகோபுரத்துக்கு எதிரே போய் நின்று, கவரை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டிவிட்டு வருகிறவர்கள் உண்டு. எங்கள் லேப் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் இருப்பதால் எனக்கு இது தினப்படிக் காட்சி. சாமி படித்துப் புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கையாவது அவர்களுக்கு இருக்கிறது. எனக்கு டாக்டர்கள் மேல் அதுகூட இருந்ததில்லை.

அந்த லேபில் நான் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ரத்தம் எடுப்பது, சுழற்றி அதன் தெளிந்த நீரான சீரத்தைப் பிரிப்பது, பரிசோதிப்பது, ரிப்போர்ட் அடித்துக் கையெழுத்துக்கு வைப்பது எல்லாம் நான்தான். கையெழுத்துப் போடும் டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். உட்காருவதற்கு முன்பே பேனாவைத் திறந்துவிடுவார். முதலாளி மருந்துக்கடையிலிருந்து லேபுக்கு முன்னேறியவர். பாசிட்டிவ் என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போடுவது அவருடைய கண்டுபிடிப்பு. "அப்பதாம்மா டாக்டருங்க கண்ணுல படும்" என்பார். மாட்டுக்குச் சிவப்புத் துணி காட்டுகிறவர் பேச்சு மாதிரி இருக்கும் எனக்கு.

கரு தங்காத பெண்களுக்கு டாக்டர்கள் யோசிக்காமல் எழுதித் தரும் ஒரு பரிசோதனைப் பட்டியல் உண்டு. அதில் ஒன்று டாக்ஸோபிளாஸ்மா. பூனை மலம் கலந்த மண், தண்ணீர், சரியாக வேகாத கறி ஆகியவற்றிலிருந்து உடம்புக்குள் வரும் ஒட்டுண்ணி அது. கருவைத் தொடலாம், கண்ணுக்குள் விழித்திரையில் போய் உட்காரலாம், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே செய்யாமல் காலம் முழுக்கத் தூங்கலாம். நாங்கள் ஒட்டுண்ணியைத் தேடுவதில்லை. அதை எதிர்த்து உடம்பு செய்து வைத்திருக்கும் எதிர்ப்புப் பொருளை அளக்கிறோம். அதில் இரண்டு வகை. ஐஜிஎம் என்பது தொற்று புதிதாக வரும்போது தோன்றி, பெரும்பாலும் சில மாதங்களில் மறைந்துவிடும். ஐஜிஜி என்பது வந்தால் ஆயுளுக்கும் போகாது. ஆகவே ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்றால், அந்த ஒட்டுண்ணி எப்போதோ இந்த வீட்டுக்குள் வந்திருக்கிறது என்று பொருள். இப்போது என்ன செய்கிறது என்று அதில் எழுதியிருக்காது.

இதைப் போய் யாரிடம் சொல்வது? கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு மாமியார், மருமகளின் ரிப்போர்ட்டை ஆட்டிக்கொண்டு வந்தார். "பூனையாலதான் வந்துச்சாமே! அவ அம்மா வூட்ல மூணு பூனைங்க. ஒரு வார்த்தை சொல்லாம கட்டிக் குடுத்துட்டாங்க" என்று லேபிலேயே பஞ்சாயத்தை ஆரம்பித்தார். இனிமேல் பெண் பார்க்கப் போகிறவர்கள் பூனைகளை எண்ணிவிட்டுத்தான் காபியைத் தொடுவார்கள் போல. அந்த அம்மாவின் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்திருந்தால் அவருக்கும் பாசிட்டிவ் வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் மாமியார்களை யாரும் பரிசோதனைக்கு அனுப்புவதில்லை.

எனக்கும் பாசிட்டிவ்தான். அதை நான் தெரிந்துகொண்டது பௌர்ணமியால். பௌர்ணமி வந்தால் எங்கள் ஊரில் வண்டிகளை வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். கிரிவலத்துக்கு வரும் கூட்டம் வடிந்த பிறகுதான் ஊருக்குள் சக்கரம் உருளும். சென்னையிலிருந்து ஐஸ் போட்டு வரும் பரிசோதனை கிட், தற்காலிக பஸ் நிலையத்தில் வெயில் காய்ந்துவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட என் கைக்கு வந்து சேரும். கிட்டைச் சரிபார்க்க அதோடு கம்பெனி அனுப்பும் மாதிரி சீரமும் சேர்ந்துதானே வெந்திருக்கும்? அதை வைத்து எதைச் சரிபார்ப்பது? ஒருநாள் கோபத்தில் என் ரத்தத்தை நானே எடுத்து, கிட் தட்டின் சிறு குழிகளில் விட்டுப் பார்த்தேன். எதிர்ப்புப் பொருள் எவ்வளவு இருக்கிறதோ, குழி அவ்வளவு மஞ்சளாகும். ஐஜிஜி அடர் மஞ்சளாக எழுந்தது. ஐஜிஎம் சுத்தமாக இல்லை. அன்றிலிருந்து என் சீரத்தைச் சிறு சிறு குப்பிகளில் உறையவைத்து, ஒவ்வொரு கிட்டையும் அதை வைத்துத்தான் சோதிப்பேன். என் குழி மஞ்சளானால் கிட் நன்றாக இருக்கிறது. ஆகவில்லையென்றால் குப்பையில் போடு.

இப்படி ஐந்தாறு வருடம் ஓடியது. அந்த லேபில் யாருடைய ரத்தம் வந்தாலும் அது என் ரத்தத்துக்குப் பக்கத்துக் குழியில்தான் உட்காரும். பெரும்பாலும் என்னுடையதுதான் அதிக மஞ்சளாக இருக்கும். நாற்பத்து நான்கு வயதிலும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிறேன், இரண்டு பிள்ளை பெற்றிருக்கிறேன், ஒரு கோளாறும் இல்லை. பாசிட்டிவ் என்று அழுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். என்னைப் போல விவரம் தெரிந்த ஒரு ஆள் ஊருக்குள் இருப்பது நல்லதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

என் வீட்டுக்காரரின் தங்கை, என் நாத்தனார், அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாக டீக்கடை வைத்திருக்கிறாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவள் கடையில் நிற்க இடம் இருக்காது. கார்த்திகை தீபத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது லேபுக்கு வந்தாள்.

"அண்ணி, சோத்தாங்கை பக்கத்துக் கண்ணுல கொசு கொசுவா பறக்குது. கைய வெச்சி வெரட்டினா போவ மாட்டேங்குது. கொஞ்சம் மசமசன்னும் இருக்குது."

வேங்கிக்காலில் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு அவர் கொடுத்த சீட்டோடு வந்திருந்தாள். அந்த டாக்டரை எனக்கு நன்றாகத் தெரியும். பொது மருத்துவர், நல்ல மனுஷன், பயந்த சுபாவம். எதையும் விட்டுவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் எழுதிவிடுவார். அவர் சீட்டு மளிகைக் கடைக்குப் போகும் சீட்டு மாதிரி நீளமாக இருக்கும். சர்க்கரை, காசநோய், தைராய்டு என்று போய், கடைசியில் டாக்ஸோபிளாஸ்மா. முன்பு ஒரு முறை ரிப்போர்ட்டில் இருந்த அளவைத் தப்பாகப் படித்து ஒரு கர்ப்பிணியைக் கலங்கடித்துவிட்டார். நான் போன் செய்து திருத்தினேன். அதிலிருந்து அவருக்கு என்னிடம் கொஞ்சம் பயம். அந்தப் பயம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ரத்தம் எடுத்தேன். மறுநாள் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது, டாக்ஸோ ஐஜிஜியைத் தவிர. ஐஜிஎம் நெகட்டிவ். அவளுடைய குழி நல்ல மஞ்சள்தான், ஆனால் பக்கத்தில் இருந்த என் குழி அதைவிட மஞ்சள். ரிப்போர்ட்டை முதலாளியின் தடித்த எழுத்தோடு டாக்டருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். நாத்தனார் அந்த நேரம் ரிப்போர்ட்டை வாங்கிப்போக வந்து, எனக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிடத்தில் டாக்டரிடமிருந்து போன் வந்தது.

"மேடம், உங்க நாத்தனாருக்கு டாக்ஸோ பாசிட்டிவ் வந்திருக்குதே. கண்ணுலயும் அதுதான்னு எனக்குத் தோணுது. பாண்டிச்சேரியில ரெட்டினா பாக்கறவங்ககிட்ட நாளைக்கே அனுப்பிடலாமா?"

நான் சிரித்தேன். வாய்விட்டு, நன்றாகச் சிரித்தேன்.

"சார், ஐஜிஎம் நெகட்டிவ் சார். இது பழைய ஐஜிஜி. எனக்கு இதைவிட ஜாஸ்தி இருக்குது. அப்ப நானும் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறட்டுமா?"

"அப்படிங்களா... நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப இப்போதைக்கு சொட்டு மருந்து விட்டுப் பாப்போம். தீபம் முடியட்டும்" என்றார். போனை வைத்துவிட்டு நாத்தனாரிடம் சொன்னேன்: "இவருக்கு வேற வேல இல்ல. தடியா எழுதியிருந்தா போதும், ஊரைக் கூட்டிடுவாரு. உனக்கு ஒன்னும் இல்லம்மா. வயசாவுதில்ல, கண்ணுல தூசு மாதிரி மெதக்கும். போய் கடையைப் பாரு."

அவளும் சிரித்தாள். ரிப்போர்ட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

தீபத்துக்கு முந்தைய வாரங்களில் எங்கள் ஊரில் யாரும் யாரையும் விசாரிக்க முடியாது. என் வீட்டிலேயே சென்னை உறவினர்கள் பதினோரு பேர் தங்கினார்கள். அவர்களுக்குப் பக்தி வருடத்துக்கு ஒரு முறை, பசி மூன்று வேளையும். நாத்தனாரோடு இரண்டு முறை போனில் பேசினேன். கண்ணைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒன்றும் இல்லாததைப் பற்றி என்ன கேட்பது?

தீபம் முடிந்து மூன்றாம் நாள் காலையில், அவளிடம் கொடுத்திருந்த பெரிய அண்டாவை வாங்கிவரக் கடைக்குப் போனேன். எனக்கு டீ ஆற்றினாள். ஆற்றிய டீயை டம்ளரில் ஊற்றும்போது பாதி வெளியே போய், டம்ளரைப் பிடித்திருந்த அவள் விரல் மேலேயே கொட்டியது. இருபது வருடமாகத் திரும்பிப் பார்க்காமலே டீ ஆற்றுகிறவள். கையை உதறிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி துணியால் துடைத்தாள். அவள் விரல்களைப் பிடித்துப் பார்த்தேன். பழைய கொப்புளங்களே நாலைந்து இருந்தன.

இடது கண்ணைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். முகத்தை இப்படியும் அப்படியும் சாய்த்தாள்.

"கம்மல் தெரியுது அண்ணி. பொடவைக் கரை தெரியுது. மூஞ்சி இருக்கற எடத்துலதான் பொகையா இருக்குது."

"எத்தினி நாளா? ஏன்டி என்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன். அப்போதும் எனக்குக் கத்தத்தான் வந்தது.

"தீபக் கூட்டம் அண்ணி. யாருக்கு நேரம் இருக்குது" என்றாள்.

அன்றைக்கே பஸ் பிடித்துப் புதுச்சேரி போனோம். அங்கே ஒரு கண் ஆஸ்பத்திரியில் விழித்திரை பார்க்கும் டாக்டர் என்று எங்களுக்குக் காட்டப்பட்டது ஒரு சின்னப் பெண். என் மூத்த மகளைவிட நான்கைந்து வயதுதான் அதிகம் இருக்கும். இது என்ன பார்க்கப் போகிறது என்றுதான் நினைத்தேன். அந்த நிலைமையிலும் எனக்கு அந்தக் கொழுப்பு அடங்கவில்லை. அந்தப் பெண், சொட்டு மருந்து விட்டு முக்கால் மணி நேரம் உட்காரவைத்து, பிறகு நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு, நாத்தனாரின் கண்ணுக்குள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"டாக்ஸோபிளாஸ்மாதான்" என்றாள். "ஒரு பழைய தழும்பு இருக்கு. சின்ன வயசுலயே வந்திருக்கலாம். அது ஓரத்துல இப்ப புதுசா கிளம்பியிருக்கு. பார்வையோட நடுப்பகுதிக்குப் பரவிடுச்சு."

நான் பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினேன். "ஐஜிஎம் நெகட்டிவ் டாக்டர். நான்தான் பண்ணேன்" என்றேன். என் தொழிலை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அவள் என்னைக் கேலி செய்திருக்கலாம். நானாக இருந்தால் செய்திருப்பேன். ரிப்போர்ட்டை ஒரு நிமிடம் முழுதாகப் படித்தாள். தடித்த எழுத்தை மட்டுமல்ல, எல்லா வரியையும். பிறகு சொன்னாள்:

"சரியாத்தான் பண்ணியிருக்கீங்க. ஆனா கண்ணுல வர்றது பெரும்பாலும் பழசு திரும்ப எழுந்துக்கறதுதான். அப்ப ஐஜிஎம் வரணும்னு அவசியம் இல்லைங்க. ஐஜிஜி இல்லன்னா நான் வேற நோயை யோசிச்சிருப்பேன். இருக்கறதால சந்தேகம் தீருது, அவ்வளவுதான். கண்ணைப் பாக்காம ரத்தத்தை மட்டும் வெச்சு ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. ரொம்பக் கொழப்பமா இருந்தா கண்ணுக்குள்ளேர்ந்து ஒரு துளி தண்ணி எடுத்து, அதுல எவ்வளவு எதிர்ப்புப் பொருள் இருக்கு, ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு ஒப்பிட்டுப் பாப்போம். இவங்களுக்கு அது வேண்டாம். பாத்தாலே தெரியுது."

கண்ணுக்குள் இருக்கும் தண்ணீரையும் ரத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்கலாம் என்று நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. ஐந்தாறு வருடமாக நான் எல்லாரையும் என்னோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவளை அவளோடுதான் ஒப்பிட வேண்டும் என்று என் மண்டைக்கு எட்டவில்லை. ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் நோய் என்று நினைக்கிற முட்டாள்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து, பாசிட்டிவ் என்றால் நோயே இல்லை என்று நினைக்கிற முட்டாளாகப் போய் நின்றிருக்கிறேன்.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்று டாக்டர் நாத்தனாரைக் கேட்டாள்.

"ஒரு மாசம் இருக்கும்ங்க."

"ஆரம்பத்துலயே வந்திருந்தா நடுவுக்கு வர்றதுக்கு முன்னாடி பிடிச்சிருக்கலாம். ஏன் வரல?"

நாத்தனார் என் பக்கம் திரும்பவே இல்லை. "டீக்கடைங்க. தீபக் கூட்டம். நான்தான் அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்" என்றாள். டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த இடங்கள் கம்மி. அதில் போய் இது ஒன்றாகிவிட்டது.

மாத்திரைகள் கொடுத்தார்கள். ஆறு வாரம் சாப்பிட்டாள். புகை குறைந்தது, கொசுக்கள் போயின. நடுவில் இருந்த தழும்பு போகவில்லை. அது போகாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

லேபில் முதலாளியிடம், டாக்ஸோ ரிப்போர்ட்டின் கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றேன்: கண்ணில் கோளாறு இருந்தால் விழித்திரைப் பரிசோதனை இல்லாமல் இதை வைத்து முடிவு செய்யக் கூடாது. "நம்ம டெஸ்ட்டையே நாம நம்பலன்னு போட்டுக்கணுமா?" என்றார். அவர் இல்லாத நாளில் நானே சேர்த்துவிட்டேன். அவர் இன்னும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அது தடித்த எழுத்தில் இல்லை. வேங்கிக்கால் டாக்டர் மாறவே இல்லை. நடந்ததை அவரிடம் போய்ச் சொன்னேன். "எனக்கு அப்பவே தோணுச்சு மேடம், ஆனா நீங்க சொன்னீங்களேன்னு விட்டுட்டேன்" என்றார். சொல்லிவிட்டு மேசையிலிருந்த வேறு ஒரு ரிப்போர்ட்டை எடுத்து, "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று என்னிடமே கேட்டார். அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அதில் பாதி என் மேல் வந்தது என்று இப்போது சொல்ல முடிகிறது.

தை மாதத்தில் ஒரு மத்தியானம் அடி அண்ணாமலைக்குப் போனேன். பௌர்ணமி இல்லாத நாள், கடையில் ஒரே ஒரு சாமியார் பன்னை டீயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். நாத்தனார் அவரிடம், "எங்க அண்ணி பெரிய லேப்ல இருக்காங்க சாமி. என் கண்ணு நோயை ரத்தத்துலயே மொதல்ல கண்டுபுடிச்சது அவங்கதான்" என்று என்னைக் காட்டினாள். சாமியார் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அவர் போன பிறகு சொன்னேன். "நான் கண்டுபுடிக்கல. அந்த டாக்டர் அனுப்பறேன்னாரு, நான்தான் தடுத்தேன். உன் கண்ணு போனது என்னாலதான்."

"தெரியும் அண்ணி. நான் எதிர்லதானே உக்காந்திருந்தேன்."

"அப்புறம் ஏன் பாண்டிச்சேரியில உன் மேல போட்டுக்கிட்ட?"

அவள் எனக்கு டீ ஊற்ற ஆரம்பித்திருந்தாள். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாததால் இடது கையின் ஆட்காட்டி விரலை டம்ளரின் விளிம்பில் வைத்து, விரல் எங்கே இருக்கிறதோ அதைப் பார்த்து மெதுவாக ஊற்றினாள்.

"நீங்க தப்பா சொன்னீங்கன்னு எனக்கு ஒன்னும் இல்ல அண்ணி. யாருதான் தப்பு பண்ணல? நீங்க போன்ல சிரிச்சீங்க இல்ல, அதுக்கப்புறம் கண்ணு தெரியலன்னு உங்ககிட்ட சொல்ல எனக்கு வெக்கமா பூடுச்சு. நீங்க பதினோரு பேருக்கு சமைக்கறேன்னு போன் பண்ணீங்களே, அன்னிக்கே மூஞ்சிங்க மறைய ஆரம்பிச்சிடுச்சு. சொல்லலாம்னுதான் போனை எடுத்தேன். திரும்ப சிரிப்பீங்களோன்னு வெச்சிட்டேன்."

டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். ஒரு சொட்டுகூட வெளியே சிந்தியிருக்கவில்லை. சர்க்கரை போதுமா என்று கேட்டாள், போதும் என்றேன்.